சுகர் டெஸ்ட் என்று சொல்லச் சொன்ன வீடு

என் கையால் ஊசி போட்டால் கைக்குழந்தைகூடச் சிணுங்காது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. பென்னாகரம் ரோட்டில் எந்த ஊரில் வேண்டுமானாலும் இறங்கிக் கேட்டுப் பாருங்கள். எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன் நான். லாரி கிளீனர், பிறகு டிரைவர். தொப்பூர் கணவாயில் வண்டி கவிழ்ந்து கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். எழுந்து நடந்ததும் அங்கேயே ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய்களைக் கழுவும் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். அப்புறம் ஊசி பிடிக்கக் கற்று, வயதான காலத்தில் அதற்கு ஒரு சர்டிபிகேட்டும் வாங்கி, கடைசியில் ரத்தம் எடுத்து லேபுக்கு அனுப்ப சொந்தமாகக் கலெக்சன் சென்டர். இன்றைக்கு நீங்கள் பைக்கில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறீர்களே, அந்தப் பாதையெல்லாம் முதலில் நான் சுற்றியது.

நரம்பு தேடுவது எப்படி, எந்த மூடிக் குழாயில் எவ்வளவு என்பதெல்லாம் உங்களுக்குப் பாடத்தில் வந்துவிட்டது. அதை நான் சொல்லப்போவதில்லை. பாடத்தில் வராத ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். அந்த நேரத்தில், குத்தப்போன ஊசியை நானே மூடி வைத்துவிட்டேன். இப்படி ஒன்றை நான் எழுதுவது இதுதான் முதல்முறை.

அதற்கு முன்னால் ஒன்று. எனக்கு ஊசி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அம்மா. பெயர் வேண்டாம், அவர்களுக்குப் பிடிக்காது. அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். கையில் ரப்பர் பட்டையைக் கட்டுவதற்கு முன்னால், “எதுக்கு ரத்தம் எடுக்கறோம்னு உங்களுக்குத் தெரியுமா? நீங்களே சொல்லுங்க” என்று கேட்பார்கள். பக்கத்தில் நிற்கும் புருசன் சொன்னால் ஏற்க மாட்டார்கள், மாமியார் சொன்னாலும் ஏற்க மாட்டார்கள். யாருடைய கையோ அவர்கள் வாயால் வர வேண்டும். ஆரம்பத்தில் எனக்கு இது வேலையற்ற வேலையாகத் தெரிந்தது. அப்புறம் நானும் பிடித்துக்கொண்டேன். இன்றுவரை விட்டதில்லை.

பாப்பாரப்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊர். அம்சவேணி என்று ஒரு பெண் போன் செய்தாள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். மார்பில் கேன்சர் வந்து சேலத்தில் ஆபரேசன், கீமோ எல்லாம் முடித்தவள். அவளுடைய ஜீன் டெஸ்டுக்கு ரத்தம் எடுத்ததே நான்தான். அதில் கோளாறு இருப்பதாக வந்துவிட்டது. கூடப் பிறந்தவர்களையும் பார்த்துவிட வேண்டும் என்று சேலத்து டாக்டரம்மா தங்கச்சி பெயருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து ரொம்ப நாளாகிறது.

“அண்ணா, தங்கச்சிக்கு வூட்டுக்கே வந்து எடுக்க முடியுமா? அப்பா சேலம் அனுப்ப மாட்டேங்கறாரு. கல்யாணம் வேற வெச்சிட்டாரு” என்றாள்.

போனேன். வீட்டு வாசலில் பந்தக்கால் குழி தோண்டிக் கிடந்தது. அப்பா முனுசாமி தோட்டத்துக்குப் போயிருந்தார். மனைவி விஷக்காய்ச்சலில் போன பிறகு தனியாளாக இரண்டு பெண்களை வளர்த்தவர். தங்கச்சி நித்யா கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டினாள். என் வழக்கப்படி கேட்டேன், எதற்கு எடுக்கிறோம் என்று.

“அக்காவுக்கு இருக்கற கோளாறு எனக்கும் இருக்குதான்னு பாக்கறதுக்கு” என்றாள். பயந்த குரல்தான், ஆனால் தடுமாறவில்லை.

“கல்யாணம் எங்கம்மா?” என்று சும்மா பேச்சுக்குக் கேட்டேன். கையில் குத்தும்போது பேச்சுக் கொடுப்பது என் பழக்கம்.

“அத்தை பையனுக்குத்தாங்க. அப்பாவோட கூடப் பொறந்த அத்தை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊரு.”

எனக்கு ஊசி அப்படியே நின்றுவிட்டது. 

ஏன் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். இந்த ஜீன் டெஸ்ட் வர ஆரம்பித்தபோது, நான் எடுத்து அனுப்புவது என்னவென்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். அவர்கள் சொன்னதை என் லாரி பாஷையில் திருப்பிச் சொன்னேன். “சரிதான், அப்படியே வெச்சுக்கங்க” என்றார்கள். அது இதுதான்.

நம் உடம்பில் இருக்கிற செல் ஒவ்வொன்றும் தன்னை இரண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் உள்ளே இருக்கும் டி.என்.ஏ. முழுவதையும் பார்த்து எழுத வேண்டும். அவ்வளவு எழுதினால் தப்பு விழாமல் இருக்குமா? வெயில், புகை, வயசு, எதுவாலும் தப்பு விழும். அதைக் கவனிக்க உடம்பு ஆள் வைத்திருக்கிறது. அந்த ஆட்கள்தான் இந்த ஜீன்கள். சிலது, தப்பைக் கண்டதும் செல்லை வளரவிடாமல் நிறுத்தும். சிலது இறங்கிப் பழுது பார்க்கும். இன்னும் சிலது, பழுது பார்க்க முடியாத செல்லை ஓட விடாது, அங்கேயே முடித்துவிடும். அதனால்தான் நம்மில் பெரும்பாலோர் கேன்சர் இல்லாமல் நடமாடுகிறோம்.

அம்சவேணிக்குக் கெட்டது பழுது பார்க்கும் வகை. ஒவ்வொரு ஜீனும் நம்மிடம் இரண்டு இருக்கும். அப்பா கொடுத்தது ஒன்று, அம்மா கொடுத்தது ஒன்று. ஒரு லாரிக்கு இரண்டு மெக்கானிக் மாதிரி. ஒருவர் பிறக்கும்போதே இல்லாவிட்டாலும் இன்னொருவர் சமாளிப்பார், வண்டி ஓடும். ஏதோ ஒரு செல்லில் அந்த இன்னொருவரும் போய்விட்டால், அங்கே தப்பு மேல் தப்பு சேர்ந்து அந்தச் செல் கட்டுப்பாடு இல்லாமல் பெருகும். அதுதான் கட்டி.

இப்போது யோசியுங்கள். இந்தக் கோளாறு அம்சவேணிக்கு யாரிடமிருந்து வந்தது? பெண்களின் நோய் என்பதால் அம்மா வழி என்று எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அப்பா வழியிலும் வரும். அப்பா வழி என்றால் அவர் தங்கச்சியிடமும் இருக்கலாம், தங்கச்சி மகனான மாப்பிள்ளையிடமும் இருக்கலாம். நித்யாவிடமும் மாப்பிள்ளையிடமும் ஒவ்வொன்று கெட்டிருந்து அவர்களுக்குக் குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தை இரண்டுமே கெட்டுப் பிறக்கலாம். அது வேறு நோய். ரத்தமே ஊறாமல் போகிற நோய். அதை நான் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன், இங்கே எழுத மாட்டேன்.

நித்யாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஊசியை மூடி வைத்துவிட்டு, அம்சவேணியிடம் மட்டும் கேட்டேன், மாப்பிள்ளை அத்தை பையன் என்று டாக்டரம்மாவுக்குத் தெரியுமா என்று. தெரியாது என்றாள். அவள் சிகிச்சையில் இருந்தபோது நித்யாவுக்கு வேறு இடத்தில்தான் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்களாம். அந்த வீட்டார் விசாரிக்க ஆரம்பித்ததும் அப்பா பயந்துபோய் அதை விட்டுவிட்டு, தன் தங்கச்சியிடம் போய் நின்றாராம். அத்தையும் மறுபேச்சு இல்லாமல் சரி என்று, சீக்கிரமே தேதியும் வைக்கச் சொல்லிவிட்டாளாம்.

அந்த நேரத்தில் முனுசாமி வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. கத்தவில்லை. என்னை மாட்டுக்கொட்டாய் பக்கம் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். வெளியில் பெண் கொடுத்தால் அக்காவுக்கு என்ன, ஏன் முடி கொட்டியது என்று தோண்டுவார்கள். சொந்தத்தில் என்றால் யாரும் கேட்க மாட்டார்கள். தன் தங்கச்சியிடமே அம்சாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேசன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். இது அவர் மனைவி வகையறாவில் ஓடுகிற வியாதி, அவர் பக்கத்தில் கிடையாது. அதனால் தங்கச்சி பையனுக்குப் பயம் இல்லை என்றார்.

“உங்க சம்சாரம் பக்கம் யாருக்காச்சும் டெஸ்ட் எடுத்தீங்களா?” என்று கேட்டேன்.

எடுக்கவில்லை. அவராக முடிவு செய்தது.

பிள்ளைகளே, இங்கேதான் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு எல்லாம் தெரியும் என்று வாய் துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது. நான் டாக்டர் இல்லை. டாக்டரம்மாவிடம் இந்தச் சம்பந்தத்தைச் சொல்லிவிட்டு மேலே போங்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இன்னிக்குத்தாங்க ஜவுளி எடுக்கப் போறோம். இப்ப வேன்ல வந்துடுவாங்க. கேட்டா கல்யாணத்துக்கு முன்னாடி சுகரு பாக்கறோம்னு சொல்லிடுங்க. ரெண்டு பொண்ணப் பெத்தவன், உங்க கால்ல வேணாலும் விழறேன்.”

“நானா யார்கிட்டயும் எதையும் சொல்ல மாட்டேங்க. அது என் தொழில். ஆனா பொய் சொல்லச் சொல்லாதீங்க” என்றேன்.

பேசி முடிக்கவில்லை, வேன் வந்து நின்றுவிட்டது. ஜவுளி எடுப்பது நம் பக்கத்தில் சின்ன விசயமா? இரண்டு வீட்டு ஆட்களும் சேர்ந்து சேலம் போய், முகூர்த்தப் புடவை தொட்டு எல்லாம் எடுத்து, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அத்தை மாதம்மாள் தலை நிறையப் பூவோடு இறங்கினாள். பின்னால் மாப்பிள்ளை கார்த்தி. லாரி டிரைவர், நல்ல உயரம். வீட்டுக்குள் வந்ததும் மாதம்மாள் என் பையையும் குழாயையும் பார்த்தாள்.

“யாருக்கு என்ன? எதுக்கு ரத்தம்?”

 முனுசாமிதான் முந்திக்கொண்டார்.

“சுகரும்மா. கல்யாணத்துக்கு முன்னால இப்பல்லாம் பாக்கறாங்களாம்.”

மாதம்மாள் சிரித்துவிட்டாள். “அப்ப எம்பையனுக்கும் எடுங்க. லாரிக்காரன், டீயாக் குடிச்சுத் தள்ளறான். டேய், உக்காருடா.”

கார்த்தி சட்டைக் கையை மடித்துக்கொண்டு நித்யா பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்தான். “வலிக்காம எடுங்கண்ணா, நான் பயந்தாங்கொள்ளி” என்று நித்யாவைப் பார்த்துச் சொன்னான். நித்யா சிரிக்கவில்லை.

இரண்டு கைகள் என் முன்னால். கல்யாணம் செய்துகொள்ளப் போகிற இரண்டு கைகள்.  பேசாமல் இரண்டு பேருக்கும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம். ஒன்று சுகருக்கு, ஒன்று ஜீனுக்கு. சட்டப்படி என்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் என் வழக்கப்படி கேட்காமல் நான் ஊசி தொட மாட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டால் அந்தப் பெண்ணின் ரகசியத்தை நானே சபையில் உடைத்ததாகிவிடும்.

குழாயைக் கீழே வைத்தேன்.

“ரத்தம் குடுக்கறவங்ககிட்ட நான் தனியா ஒரு வார்த்தை கேக்கணும். மத்தவங்க எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. இது யார் வூடா இருந்தாலும் என் வழக்கம்.”

முனுசாமி முகத்தில் ரத்தம் இல்லை. எல்லாரும் எழுந்தார்கள்.

“வேண்டாங்க” என்றாள் நித்யா. “எல்லாரும் இருக்கட்டும். அத்தை, இது சுகரு இல்ல. அக்காவுக்கு வந்தது கேன்சரு. எனக்கும் வருமான்னு பாக்கறோம்.”

சில வீடுகளில் இப்படி உண்மை வரும்போது கூச்சல் போடுவார்கள். இங்கே அப்படி இல்லை. முனுசாமி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மாதம்மாள் அம்சவேணியின் தலையைப் பார்த்தாள், புதிதாக முளைத்த முடியை. பிறகு பின்வாசல் வழியாகத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டாள்.

இது என்ன டெஸ்ட் என்று கார்த்திதான் கேட்டான். மடித்த சட்டைக் கையை இறக்காமலே கேட்டான். நித்யாவைப் பார்த்தேன், சொல்லுங்கள் என்று தலையாட்டினாள். உங்களுக்கு மேலே சொன்ன அதே மெக்கானிக் கணக்கை அவனுக்குச் சொன்னேன். டாக்டரம்மா எனக்குச் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. லாரிக்காரன் அல்லவா, பாதியிலேயே பிடித்துக்கொண்டான்.

“எங்கம்மாவும் மாமாவும் ஒரே வயித்துல பொறந்தவங்க. அப்ப எனக்கும் ஒரு ஆளு இல்லாம இருக்கலாமா?”

“இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். டெஸ்ட் பண்ணாம தெரியாது.”

“ரெண்டு பேருக்கும் ஒவ்வொரு ஆளு இல்லன்னா, புள்ளைக்கு?”

“அத டாக்டரம்மா வாயால கேளு தம்பி. கல்யாணத்துக்கு முன்னால கேளு.”

அவன் நித்யாவைப் பார்க்கவே இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வேன் பக்கம் போய் நின்றான். கல்யாணம் அவ்வளவுதான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நித்யா கையை மட்டும் நீட்டியபடியே இருந்தாள். “எடுங்க சார்” என்றாள். எடுத்தேன். ஜீன் டெஸ்டுக்கான ஊதா மூடிக் குழாய். அவள் கண்ணில் தண்ணீர் வந்தது, ஊசியால் இல்லை.

கை கழுவத் தொட்டிக்குப் போனேன். மாதம்மாள் அங்கே நின்றாள். யாரும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு, என்னை “அண்ணா” என்று கூப்பிட்டாள். அவள் சொன்னதை முதலில் என் காது ஏற்கவில்லை. அவளுக்கும் இடது மார்பில் கட்டியாம். வலி இல்லை, அதனால் விட்டுவைத்திருக்கிறாள். பெரிதாகிக்கொண்டு வருகிறது. அவள் அம்மாவுக்கும் கடைசிக் காலத்தில் அப்படித்தான் இருந்தது, பற்றுப் போட்டு மறைத்தே வைத்திருந்தாளாம்.

“எனக்கு ஏதாச்சும் ஆவறதுக்குள்ள அவன் கல்யாணத்தப் பாத்துடலாம்னுதான் அண்ணன் கேட்ட ஒடனே சரின்னேன். வியாதிக்காரி வூடுன்னு தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? கல்யாணம் முடியட்டும், நானே காட்டிக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

அண்ணன் தங்கச்சியிடம் மறைக்கத்தான் சொந்தத்துக்கு ஓடினார். தங்கச்சி அண்ணனிடம் மறைத்துக்கொண்டு சரி என்றாள். இரண்டு பேரும் ஒன்றையே மறைத்திருக்கிறார்கள்.

இப்போது என் நிலையைப் பாருங்கள். அந்தப் பையன் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் என் கையில் வந்துவிட்டது. நான் சொன்னால் தொழில் துரோகம். சொல்லாமல் போனால் அந்தக் கட்டி கல்யாணம் வரைக்கும் காத்திருக்குமா?  வாசலில் வேன் டிரைவர் ஹாரன் அடித்தான், சேலத்தில் கூட்டம் சேர்ந்துவிடும் என்று.

“சரிம்மா, நான் சொல்லல” என்றேன். “நீங்கதான் சொல்லணும். வேன் சேலத்துக்குத்தானே போவுது? டாக்டரம்மா இருக்கறதும் சேலத்துலதான். நானும் வரேன்.”

எனக்கு அழைப்பு கிடையாது. ஜவுளி எடுக்கப் போகிற வேனில் ரத்தம் எடுக்கிறவனுக்கு என்ன வேலை? டாக்டரம்மாவையும் பார்த்துவிடலாம் என்று எல்லாரிடமும் சொல்லி ஏறி உட்கார்ந்துவிட்டேன். போகவே வேண்டாம் என்றிருந்த முனுசாமி, நான் ஏறியதைப் பார்த்து வேறு வழி தெரியாமல் முன் சீட்டில் ஏறினார். நித்யாவும் அம்சவேணியும் நடுவில். கார்த்தி கடைசியில், வெளியே பார்த்துக்கொண்டு.  தருமபுரி தாண்டினோம், டோல்கேட் தாண்டினோம். மாதம்மாள் வாயைத் திறக்கவில்லை. சேலம் வந்து அவள் நேரே புடவைக் கடைக்குள் போய்விட்டால் நான் என்ன செய்வேன்? வழியெல்லாம் இதே யோசனைதான் எனக்கு. முந்தானையை இடது பக்கம் இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டே வந்தாள்.

தொப்பூர் இறக்கத்தில் ஒரு டேங்கர் பழுதாகி நின்று, லாரிகள் வரிசை கட்டி நின்றன. எங்கள் வேனும் நின்றது. டிரைவர் இறங்கிப் பார்க்கப் போனான். அப்படி நின்றபோதுதான் மாதம்மாள் பேசினாள். முன் சீட்டில் இருந்த அண்ணனின் முதுகைப் பார்த்துப் பேசினாள்.

“அண்ணா, எனக்கும் கட்டி இருக்குது.”

முனுசாமி திரும்பிப் பார்க்க நேரம் ஆயிற்று. “எப்ப இருந்து?”

“போன தையில இருந்து.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு நீ.”

“நீ எங்கிட்டச் சொன்னியா?”

முனுசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கார்த்தி பின்னாலிருந்து எழுந்து, குனிந்தபடியே வந்து அம்மா பக்கத்தில் கீழே உட்கார்ந்தான். அவள் காலைப் பிடித்துக்கொண்டான். “வலிக்குதாம்மா?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான். வண்டிகள் நகர ஆரம்பித்ததும் டிரைவர் ஓடி வந்து, எந்தக் கடைக்கு முதலில் என்று கேட்டான். யாரும் பதில் சொல்லாததால் நித்யா சொன்னாள், ஆஸ்பத்திரிக்கு என்று.

அன்றைக்குப் புடவை எடுக்கவில்லை. மாதம்மாளுக்கு ஊசி வைத்துக் கட்டியில் சதை எடுத்தார்கள். கேன்சர்தான், ஆனால் கையை மீறவில்லை. அவளுக்கும் ஜீன் பார்த்தார்கள், அம்சவேணிக்கு இருந்த அதே இடத்தில் அதே கோளாறு. அண்ணன் மகளுக்கும் தங்கச்சிக்கும் ஒரே கோளாறு என்றால் நடுவில் இருப்பது யார்? முனுசாமிக்குத் தனியாக டெஸ்டே வேண்டியிருக்கவில்லை. டாக்டரம்மா அதை விளக்கியபோது அவர் செத்துப்போன மனைவியின் பெயரைச் சொன்னார்.  ஆண்களுக்கும் இதனால் சில கேன்சர் வரும் என்று அவரையும் வருசா வருசம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

கார்த்தியும் அங்கேயே ரத்தம் கொடுத்திருந்தான். நித்யாவுக்கும் அவனுக்கும் ரிப்போர்ட் வரச் சில வாரம் ஆயிற்று. அந்த வாரங்களில் மாதம்மாளுக்கு ஆபரேசன் நடந்தது. ரிப்போர்ட் வாங்கப் போன அன்று என்னையும் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா அறைக்குள் இரண்டு பேர் மட்டும் போனார்கள். நான் முனுசாமியோடும் மாதம்மாளோடும் வெளியே பெஞ்சில். எத்தனை பேரை நான் அந்த மாதிரி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறேன். நானே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அங்கே கதவைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாது என்று.

கதவைத் திறந்து நித்யா வந்தாள். “எனக்கு இருக்குது. அவருக்கு இல்ல.”

பிள்ளைக்கு இரண்டும் கெட்டுப் போகிற பயம் இல்லை என்று அர்த்தம். ஆனால் அவளுக்கு இருக்கிறது, அவளிடமிருந்து பிள்ளைக்கு ஒன்று போகலாம். முனுசாமி தங்கச்சியை நிமிர்ந்து பார்க்கவில்லை. “இனிமே நீதாம்மா சொல்லணும். வேண்டாம்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்” என்றார்.

மாதம்மாள் கட்டுப்போட்ட பக்கத்தைக் கையால் தாங்கிக்கொண்டு எழுந்தாள்.

“எங்கிட்ட இருக்கறதுதானே அவகிட்ட இருக்குது? அவள வேண்டாம்னா மொதல்ல எம்மகன் என்னைய வேண்டாங்கணும்.”

தள்ளிப்போன கல்யாணம் தீர்த்தமலைக் கோயிலில் நடந்தது. எனக்கு முன் வரிசையில் இலை போட்டார்கள். அது எனக்குக் கிடைக்க வேண்டிய மரியாதைதான், நான் மறுக்கவில்லை.

ஆனால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். நாம் குழாயை மூடி ஐஸ் பெட்டியில் வைத்ததும் வேலை முடிகிறது. அவர்களுக்கு அப்போதுதான் ஆரம்பிக்கிறது. நித்யா வருசத்துக்கு ஒருமுறை சேலம் போய் ஸ்கேன் எடுக்க வேண்டும், பழுது பார்க்க மிச்சமிருக்கிற அந்த ஒன்றும் எங்காவது போய்விட்டதா என்று தெரிந்துகொள்ள. எடுத்து, ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்குப் போன் செய்வாள். நான் கேட்டதில்லை, அவளாகவே செய்வாள்.

இன்று காலையில் போயிருக்கிறாள். மதியம் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்கள், நான் இன்னும் எழுந்திருக்கவில்லை. போன் பக்கத்தில்தான் இருக்கிறது.